பாதாம் இலை சிவக்கும் மாதங்களில் காலை 6 மணிக்குக் கதவைத் திறங்கள்

கண்மாய்க்கரைப் பூங்கா நிர்வாகத்தாருக்கு, வணக்கம்.

போன வாரம் வாசலில் மாட்டிய புதுப் பலகையைப் பார்த்துவிட்டு எழுதுகிறோம். காலை 8 மணிக்கு மேல்தான் அனுமதி, கேமரா ஸ்டாண்டு கொண்டுவரக் கூடாது என்கிறது அது. எங்கள் கோரிக்கை இதுதான்: தை பிற்பாதியிலிருந்து பங்குனி முடிய, காலை 6 மணிக்குக் கதவைத் திறங்கள், ட்ரைபாடை (அந்த முக்கால் ஸ்டாண்டை) உள்ளே விடுங்கள்.

மதுரைப் பக்கம் இலை நிறம் மாறும் காலம் கொஞ்சம்தான். கடலோரத்து மரமான பாதாம் உங்கள் கரையில் வரிசையாக நன்றாக வந்திருக்கிறது. உதிரும் முன் அதன் இலை மஞ்சளாகி, கருஞ்சிவப்பாகும். அது முடியும் சமயத்தில் அரசமரம் இலை கொட்டிவிட்டுத் தாமிர நிறத்தில் துளிர் விடும். அந்த நிறம் சில நாள்தான், பிறகு பச்சை.

இந்த மாதங்களில் இங்கே சூரியன் 6.40-ஐ ஒட்டி உதிக்கத் தொடங்கி, பங்குனிக்குள் 6.15 வாக்கில் வந்துவிடும். நம் ஊரில் அது சாய்ந்து மெதுவாக ஏறுவதில்லை, கிட்டத்தட்ட நேர்மேலே ஏறும். மாசிக் கடைசியில் 8 மணிக்குக் கதவு திறக்கும்போது அடிவானத்திலிருந்து 20 பாகைக்கு மேல் போயிருக்கும். இலைக்குப் பின்னாலிருந்து வெயில் ஊடுருவி நரம்பு தெரிகிற ஒளி அப்போது இருக்காது. மெழுகுப் பூச்சுள்ள பாதாம் இலை மேல்வெயிலில் வெள்ளையாகப் பளபளக்கும். அதோடு, விடியலில் அசையாமல் கிடக்கிற கண்மாய்த் தண்ணீர் வெயில் ஏறியதும் காற்றில் சிலிர்த்துவிடும். மரத்தின் சிவப்பு தண்ணீரில் விழும் படம் அத்தோடு போச்சு.

ட்ரைபாட் ஆடம்பரத்துக்கு அல்ல. இலைப் பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் போலரைசர் என்ற வடிகட்டிக் கண்ணாடியை மாட்டினால் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஒளி போகும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்). கிட்டத்து இலையும் தூரத்துக் கரையும் தெளிவாக வர லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்/11-இல் வைக்க வேண்டும். மர நிழலில், விடிந்த கையோடு, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணரும் திறன்) 100-இல் ஷட்டர் திறந்திருக்க வேண்டிய நேரம் ஒரு விநாடியை ஒட்டி வரும். அவ்வளவு நேரம் கையில் ஆடாமல் பிடித்து எடுப்பது மிகக் கடினம். ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றினாலும் 1/30 விநாடிதான் கிடைக்கும், 100 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க அது பொதுவாகப் போதாது, சிவப்பு இலையில் புள்ளி புள்ளியாக இரைச்சலும் ஏறும்.

இதையெல்லாம்விட மனதை அறுப்பது ஒன்று உண்டு. கதவு திறப்பதற்குள் பாதாம் வரிசையின் அடியில் விழுந்த இலை மொத்தமும் கூட்டி அள்ளப்பட்டு, மூலையில் புகைகிறது. பார்க்க வருகிறவர் கண்ணுக்குக் கிடைப்பது வெறும் தரையும் புகையும். பொது இடத்தில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடுக்கின்றன. அந்த இலையை மரத்தடியிலேயே மூடாக்காகப் போட்டால் கோடையில் வேருக்கு ஈரம் நிற்கும். கூட்டுகிற அம்மாக்கள் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. அவர்களுக்குச் சொன்ன வேலையைச் செய்கிறார்கள். சொன்னவர்களைத்தான் கேட்கிறோம்.

கேமராவைப் பார்த்தாலே தடை போடுவது இந்த ஊரில் பழக்கமாகிவிட்டது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசிகூடக் கூடாது என்பதற்குப் பாதுகாப்புக் காரணம் உண்டு, ஏற்கிறோம். நாயக்கர் மகாலில் கேமராவுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். தொல்லியல் துறைக் காப்பிலுள்ள இடங்களில்கூட ட்ரைபாடுக்கு விண்ணப்பித்து அனுமதி வாங்க வழி இருக்கிறது. மரமும் தண்ணீரும் இருக்கிற பூங்காவில் மட்டும் கேட்கக்கூட வழியில்லை என்றால் எப்படி ஐயா?

கோபத்தில் நீட்டிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். நிபந்தனை வையுங்கள், கட்டுப்படுகிறோம். ட்ரைபாடுக்கு நாள் கட்டணம் வாங்குங்கள்; வாசலில் அடையாள அட்டையைப் பதியுங்கள். ட்ரைபாடின் காலுக்கு ரப்பர் மாட்டி, நடைபாதையை விட்டு ஓரமாக நிற்கிறோம். ட்ரோன் வேண்டாம், கிளை வளைக்க மாட்டோம், இலை பறிக்க மாட்டோம். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களுக்கும் 6 மணிக் கதவு உதவும். பாதாம் வரிசையில் மட்டும் 8 மணிக்குப் பிறகு கூட்டச் சொல்லுங்கள்.

மேல்கிளைகள் இப்போதே பாதி காலி. மிச்சமும் உதிர்வதற்குள் பலகையை மாற்றி, காலை 6 மணிக்குக் கதவைத் திறந்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மதுரை வட்டார ஒளிப்படக்காரர்கள் சிலர்