உப்பு – தேவையான அளவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் இரத்தக்கொதிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உப்பைக் குறைக்க வேண்டும் என்று நன்றாகவே எழுதியிருந்தார்கள். அப்புறம் பக்கத்தைப் புரட்டினால் சமையல் பகுதியில் நான்கு குறிப்புகள், நான்கிலும் "உப்பு – தேவையான அளவு". அந்தத் தேவையான அளவு எவ்வளவு என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

என் கணவருக்கு ஆறு வருஷமாக பிரஷர். ஒவ்வொரு தடவையும் டாக்டர் "உப்பைக் குறைங்க" என்பார், நாங்களும் தலையாட்டிவிட்டு வருவோம். குழம்பில் ஒரு சிட்டிகை குறைத்துப் போட்டுவிட்டு, குறைத்தாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தை மாதம் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரித்தபோது, பார்ப்போமே என்று அதன் மேலேயே பேனாவால் தேதியை எழுதி வைத்தேன். 27 நாளில் தீர்ந்துவிட்டது. வீட்டில் நான், கணவர், மாமியார் மூன்றே பேர். கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 கிராம்! உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன். அந்தக் கணக்கில் எங்களுக்கு ஒரு கிலோ இரண்டு மாதத்துக்கு மேல் வர வேண்டும். கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், மிக்சரில் இருக்கும் உப்பு இதில் சேரவே இல்லை. இந்துப்புக்கு மாறினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், ஆனால் சாதாரண உப்பைப் போலவே அதுவும் கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடுதான்.

கட்டுரையில் பாதி விஷயம் விட்டுப்போயிருக்கிறது என்றும் எனக்குப் பட்டது. பொட்டாசியம் பற்றி ஒரு வரி இல்லை. உப்பில் இருக்கும் சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைப்பதால் இரத்தத்தின் அளவு கூடி அழுத்தம் ஏறுகிறது. பொட்டாசியம் போதுமான அளவு உள்ளே போனால் சிறுநீரகம் அந்தச் சோடியத்தை அதிகமாக வெளியேற்றுகிறது, இரத்தக்குழாய்களும் தளர்ந்து கொடுக்கின்றன. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3510 மில்லிகிராம் வேண்டுமாம். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 400 மில்லிகிராம்தான் இருக்கிறது, ஆகவே தினம் ஒரு பழத்தோடு கதை முடியாது. கீரை, பருப்பு, பயறு, சர்க்கரைவள்ளி எல்லாம் தட்டில் நிறைய விழ வேண்டும். நம் தட்டிலோ சோறு மலையாகவும் பொரியல் ஒரு கரண்டியாகவும் இருக்கிறது. அந்தப் பொரியலுக்கும் காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுகிறோம், பொட்டாசியத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. நானே இத்தனை வருஷம் அப்படித்தான் செய்தேன்.

சீனாவில் 600 கிராமங்களில், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் பிரஷர் இருக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுமாக ஏறக்குறைய 21,000 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்புக்குப் பதிலாக நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. ஐந்து வருஷத்தில் அந்தக் கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. மாத்திரையோ ஊசியோ மாற்றவில்லை, மாற்றியது உப்பை மட்டும்தான்.

ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. இதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும், ஏனென்றால் என் பெரியப்பாவுக்கு நடந்தது இதுதான். அவருக்கு இரத்தத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல், அதாவது சிறுநீரகம் கொஞ்சம் மந்தம், பிரஷருக்கு டெல்மிசார்டான் சாப்பிடுகிறார், அதுவே பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மாத்திரை. அண்ணன் நல்லெண்ணத்தில் சோடியம் குறைந்த உப்பு என்று, பொட்டாசியம் கலந்த ஒன்றை வாங்கிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் பெரியப்பாவுக்குக் கால் துவண்டுவிட்டது, எழுந்து நடக்க முடியவில்லை. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.2, ஏறக்குறைய ஐந்துக்குள் நிற்க வேண்டியது. "வீட்டில் என்ன உப்பு போடுறீங்க?" என்று அவரைப் பார்த்த டாக்டர் கேட்ட பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. பாக்கெட்டைத் தேடி எடுத்துப் பார்த்தால் எச்சரிக்கை பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவுக்கு. நல்லவேளை, தப்பித்தார்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு பாக்கெட் 49 நாள் வருகிறது. முதல் வாரம் மாமியார் "என்னம்மா, குழம்பு சப்புன்னு இருக்கு" என்றார், ஒரு மாதத்தில் அவருக்கும் நாக்கு பழகிவிட்டது. கணவரின் மாத்திரையை நாங்களாக நிறுத்தவில்லை, அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். சமையல் குறிப்பில் எத்தனை பேருக்கு எத்தனை டீஸ்பூன் உப்பு என்று எண்ணில் போடுங்கள், ஊறுகாய்க்கும் மோர்மிளகாய்க்கும் சேர்த்தே. பொட்டாசியம் கலந்த உப்பைப் பற்றி எப்போது எழுதினாலும், யார் அதைத் தொடக்கூடாது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்