குடற்புழு நீக்க மாத்திரையும் குழந்தையின் எதிர்ப்பு சக்தியும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் புதன்கிழமை மதிய உணவுக்குப் பின் நம் பள்ளியில் குடற்புழு நீக்க மாத்திரை வழங்கப்படும். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை ஒவ்வொரு குழந்தையும் வகுப்பாசிரியர் முன்னிலையில் நன்றாக மென்று விழுங்க வேண்டும்.

மாத்திரைக்குப் பதிலாக எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடியோ டானிக்கோ கொடுத்தால் போதாதா என்று பெற்றோர் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குடலில் புழு குடியேறியதும் உடல் சும்மா இருப்பதில்லை. குடலின் உட்சுவர் வழக்கத்தைவிட அதிகமாகச் சளியைச் சுரக்கிறது, குடல் தசைகள் வேகமாகச் சுருங்கிப் புழுவை வெளியே தள்ள முயல்கின்றன, இயோசினோபில் எனப்படும் வெள்ளை அணுக்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. ஆனால் மனித உடலோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய இப்புழுக்கள், தம்மை எதிர்க்கும் அந்த ஆற்றலையே மட்டுப்படுத்தும் பொருள்களைச் சுரப்பதால், உடல் தானாகவே அவற்றை முழுமையாக வெளியேற்றுவது அரிதாகவே நடக்கிறது. புழு உள்ள உடலில் சில தடுப்பூசிகளின் பலன்கூடக் குறையலாம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே எதிர்ப்பு சக்தியை வளர்க்க விரும்புவோர் முதலில் செய்ய வேண்டியது, அதை அடக்கி வைத்திருக்கும் புழுவை அகற்றுவதே என்பது என் உறுதியான கருத்து.

அதே வேளையில், மாத்திரை இருக்கும் புழுவைத்தான் கொல்லும். மறுபடி தொற்றாமல் காக்காது. ஒருமுறை வந்து போனதால் அம்மை நோய்க்கு வாய்ப்பதைப் போன்ற நீடித்த பாதுகாப்பு குடற்புழுவுக்குக் கிடைப்பதில்லை. இதற்கென மனிதர்களுக்குப் பயன்பாட்டில் உள்ள தடுப்பூசியும் இன்றுவரை இல்லை. ஒரு பெண் உருளைப்புழு ஒரே நாளில் 2,00,000 முட்டைகள் வரை இடக்கூடியது. அவை மலத்தோடு மண்ணில் கலந்து சில வாரங்களில் தொற்றும் நிலையை அடைகின்றன. கொக்கிப்புழுவின் குஞ்சுகளோ வெறுங்காலின் தோலைத் துளைத்தே உள்ளே நுழைந்துவிடும். கழிப்பறையைப் பயன்படுத்துவது, சோப்புப் போட்டுக் கைகழுவுவது, நகம் வெட்டுவது, காலணி அணிவது ஆகியவற்றை நாங்கள் ஓயாமல் வலியுறுத்துவது இதனால்தான்.

உணவையும் கவனியுங்கள். புரதமும் துத்தநாகமும் வைட்டமின் ஏ சத்தும் குறைந்த உடலில் குடலின் உட்சுவரும் எதிர்ப்பு அணுக்களும் தளர்ந்துவிடுகின்றன. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுவதால், சோர்ந்து வெளிறிக் காணப்படும் குழந்தைக்கு இரத்தசோகை உள்ளதா என மருத்துவரிடம் கேட்டறியுங்கள். விளம்பரத்தில் வரும் டானிக்குகளுக்குச் செலவிடும் பணத்தை அன்றாடச் சத்துணவுக்குச் செலவிடுவது மேல்.

மாத்திரை உட்கொண்ட பின் சில குழந்தைகளுக்கு இலேசான வயிற்றுவலியோ குமட்டலோ வரலாம். பெரும்பாலும் அது விரைவில் தணிந்துவிடும். அன்று காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ உள்ள குழந்தைக்கு மாத்திரை கொடுக்க மாட்டோம். வலிப்பு நோய் உள்ளவர்கள், வேறு மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்பவர்கள் ஆகியோரின் பெற்றோர் முன்கூட்டியே மருத்துவரின் ஆலோசனை பெற்று எங்களுக்குத் தெரிவிக்கவும். இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டுத் திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்