மானிட்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் பரிசோதனைக் கட்டணம் வசூலித்தது குறித்துப் புகார்

அனுப்புநர்
டிடிபி தொழில் செய்யும் வாடிக்கையாளர்,
செங்கல்பட்டு.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் ஹெல்ப்லைனில் பேசியும் மெயில் அனுப்பியும் அலுத்துப்போய்த்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். பழைய புகார் எண்கள் எல்லாம் உங்களிடமே இருக்கின்றன. மாடலைப் பற்றியும் நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் ஆன் செய்தால் ஒரு நொடி படம் வந்து இருண்டுபோகும், பவர் விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும், அணைத்து அணைத்துப் போட்டு சூடேறிய பிறகுதான் நிற்கும் என்று சொன்னால் போதும், அந்த 22 அங்குல மானிட்டர்தான் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஹெல்ப்லைனில் கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள். அடுத்து பேசியவர் டிரைவரை அப்டேட் செய்யச் சொன்னார். சிபியுவோடு இணைக்காமல் வெறும் கரண்டில் போட்டாலும் இதே கதைதான் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் சென்னை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மானிட்டரைப் போர்வையில் சுற்றி, கூட்டத்தில் இடிபடாமல் மடியில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் போனேன். பரிசோதனைக் கட்டணம் என்று ஜிஎஸ்டியோடு 590 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம் "ரெடி, வந்து வாங்கிக்கோங்க" என்று அவர்களே போன் செய்தார்கள். முகூர்த்தப் பத்திரிகை வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கவுன்டரில் இருந்தவர் செல்போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஸ்கிரீன் பேனல் போச்சு. மாத்தணும்னா புதுசு வாங்குற விலையில முக்கால்வாசி ஆகும். இந்தக் காலத்துல மானிட்டரை யாரு சார் ரிப்பேர் பண்றா? தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றார். ரெடி என்று ஏன் வரவழைத்தீர்கள் என்று கேட்டேன். "பார்த்து முடிச்சாச்சுல்ல, அதான் ரெடி" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் இப்படிப் பேசினார். காசு கொடுத்துப் பொருள் வாங்கியவனிடம் பேசுகிற பேச்சா இது? அந்த நாளும் அந்த அலைச்சலும் இன்னும் என் வயிற்றை எரிக்கின்றன.

பேனல் போகவில்லை, ஐயா. என் மைத்துனர் ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். வீட்டில் வைத்து அவர்தான் கழற்றினார். பின்மூடித் திருகின் மேல் உங்கள் நிறுவனம் ஒட்டிய ஸ்டிக்கர் கிழியாமல் அப்படியே இருந்தது. கிழிப்பதற்கு முன் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். திறக்கவே இல்லை என்றால் 590 ரூபாய் எதற்கு? பேனல் போச்சு என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்?

உள்ளே பவர் போர்டில், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்கை ஒட்டி இரண்டு கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன உருளைகள்) தலை உப்பிப்போய் நின்றன. இரண்டும் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். இந்த வகை கெபாசிட்டருக்கு உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் காயும். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அப்படியிருக்க, போர்டிலேயே அதிகம் சூடாகிற இடத்தில் 85 டிகிரி வரை மட்டுமே தாங்கும் கெபாசிட்டரை வைத்தால் மூன்று வருட வாரண்டி தாண்டியதும் போகாமல் என்ன செய்யும்? மைத்துனர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 105 டிகிரி தாங்கும், உள்மின்தடை குறைவான லோ இஎஸ்ஆர் வகையில் இரண்டு வாங்கி வந்து, பிளஸ் மைனஸ் பார்த்து சால்டர் செய்தார். இரண்டும் சேர்ந்து ஒரு செட் பரோட்டா விலைகூட வராது. அன்று முதல் மானிட்டர் ஒழுங்காக ஓடுகிறது. இந்தக் கடிதத்தை அதில்தான் டைப் செய்கிறேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அதே போர்டில் இருக்கும் பெரிய 400 வோல்ட் கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்டைத் தேக்கி வைத்திருக்கும். மைத்துனருக்குத் தெரியும், அதை முதலில் ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்தார். தெரியாதவர் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. நீங்கள் செய்ய வேண்டிய சின்ன வேலையைச் செய்யாமல் வாடிக்கையாளரை அந்த நிலைக்குத் தள்ளுகிறீர்கள். இதைச் சொன்னதற்கு உங்கள் ஹெல்ப்லைன் கொடுத்த பதில், "நீங்களே திறந்துட்டதால இனி புகார் எடுக்க முடியாது."

ஆவணி முகூர்த்த சீசன் முழுக்க எனக்குப் பாழ். நிரந்தரமாக வந்துகொண்டிருந்த கல்யாண மண்டபக்காரர் வேறு ஆளிடம் போய்விட்டார். இத்தனை வருடம் கட்டிய தொழிலே உங்களால் அழிந்தது என்றுதான் சொல்வேன்.

ஆனாலும் தயவுசெய்து என்று கேட்டுக்கொள்கிறேன். 590 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். திறக்காமலே பேனல் போச்சு என்று முடிவு செய்தது யார் என்பதற்கு எழுத்தில் பதில் தாருங்கள். அந்த கவுன்டர் ஊழியர் என்னிடம் மன்னிப்பு கேட்க வேண்டும். இந்த மாடலை வைத்திருக்கும் மற்றவர்களுக்கு இரண்டு கெபாசிட்டர்களையும் மாற்றித் தரும்படி சர்வீஸ் சென்டர்களுக்கு உத்தரவிடுங்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அடுத்து 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 590 ரூபாய்க்கு இவன் எங்கே வரப்போகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். ரசீது, ஸ்டிக்கர் போட்டோ, உப்பிய இரண்டு கெபாசிட்டர்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
டிடிபி தொழில் செய்யும் வாடிக்கையாளர்,
செங்கல்பட்டு.

இணைப்பு: பரிசோதனைக் கட்டண ரசீது நகல், புகைப்படங்கள்.