சென்னை ஐசியு அனுபவம் அங்கே கணக்கில் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில், அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் என்று வந்த செய்தியைப் படித்தோம். தொகை சரிதான். ஆனால், ‘பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஓராண்டு ஐசியு அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருந்தது. அதை நம்பி நம் ஊர்ப் பிள்ளைகள் கணக்குப் போட்டால் ஐந்தாறு வருடம் கையைவிட்டுப் போகும். அந்த ஓராண்டு எந்த நாட்டில், எந்த வார்டில் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இந்த வேலைக்குப் போக மயக்கவியல் நர்ஸ் படிப்பு முடிக்க வேண்டும். அந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமெரிக்கக் கவுன்சிலைச் சுருக்கமாக சி.ஓ.ஏ. என்பார்கள். அதன் விதிப்படி, குறைந்தது ஓராண்டு முழுநேர ஐசியு அனுபவம் வேண்டும். அது அமெரிக்காவிலோ, அதன் ஆட்சிப் பகுதிகளிலோ, வெளிநாட்டில் உள்ள அமெரிக்க ராணுவ மருத்துவமனையிலோ பெற்றதாக இருக்க வேண்டும். சென்னையிலும் வேலூரிலும் பத்து வருடம் வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்தவராக இருந்தாலும், அதன்பின் ரியாத்திலோ துபாயிலோ ஐந்து வருடம் இருந்தவராக இருந்தாலும், இந்த ஓராண்டுக் கணக்கு பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். அந்த அனுபவம் கைக்கும் மூளைக்கும் உதவும். விண்ணப்பத்தின் அந்தக் கட்டத்தை நிரப்ப உதவாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. நம் ஊரில் மயக்க மருந்துத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது. பெயரைப் பார்த்து அதுதான் வழி என்று சேர்பவர்கள் இருக்கிறார்கள். அது டெக்னீஷியன் படிப்பு. அதை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் வாங்க முடியாது. உரிமம் இல்லாமல் இந்தப் படிப்புக்குள் நுழைய முடியாது. டிப்ளமோ நர்சிங் மட்டும் முடித்தவர்கள் முதலில் இளநிலைப் பட்டம் முடிக்க வேண்டும். மேலே படிப்பதும் இப்போது முதுநிலைப் பட்டம் அல்ல. 2022 ஜனவரி 1 முதல் புதிதாகச் சேரும் எல்லோரும் முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர முடியும். குறைந்தது 36 மாதம், முழுநேரம்.

சரி, அமெரிக்கா போய்ச் சேர்ந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். நம்மவர்களில் பெரும்பாலோர் ஏஜென்சி ஒப்பந்தத்தில், வேலையின் பேரில் தரப்படும் ஈ.பி.-3 கிரீன் கார்டு வழியாகப் போகிறவர்கள். ஒப்பந்தம் வழக்கமாக இரண்டு மூன்று வருடம். எந்த வார்டு என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘மருத்துவமனையின் தேவைக்கேற்ப’ என்று மட்டும் இருந்தால் மெடிக்கல்–சர்ஜிக்கல் வார்டிலோ முதியோர் பராமரிப்பு இல்லத்திலோ நிறுத்தப்படலாம். அங்கே கழியும் மூன்று வருடமும் மயக்கவியல் கல்லூரியின் கண்ணில் அனுபவமே அல்ல. பாதியில் விட்டால் கட்ட வேண்டிய அபராதத் தொகையும் அதே ஒப்பந்தத்தில்தான் இருக்கும். ‘ஐசியு’ என்ற சொல்லை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடியாது என்றால், எத்தனை மாதத்தில் ஐசியுவுக்கு உள்மாற்றம் கேட்கலாம் என்பதையாவது எழுதச் சொல்லுங்கள்.

ஐசியு என்று பலகை மாட்டியிருந்தால் மட்டும் போதாது. ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் உள்ளிருந்தே அளக்கும் ஆர்ட்டீரியல் லைன், சென்ட்ரல் லைன் போன்றவை, இதயத் துணைக் கருவிகள், வென்டிலேட்டர், ரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்க நரம்பு வழியே ஓடவிடும் மருந்துகள். இவற்றில் ஒன்றையாவது அன்றாட வேலையாகக் கையாளும் இடத்தைத்தான் சி.ஓ.ஏ. தீவிர சிகிச்சைப் பிரிவு என்கிறது. ஒன்று போதும் என்பது விதி. போட்டியில் நான்கும் உள்ளவர்தான் முன்னால் நிற்பார். இதய அறுவை ஐசியு, சர்ஜிக்கல் ஐசியு, பெரிய மருத்துவமனையின் மெடிக்கல் ஐசியு ஆகியவை நல்ல இடங்கள். அவசர சிகிச்சைப் பிரிவு, அறுவைக்குப் பிந்தைய ரெகவரி அறை, ஐசியுவுக்கும் வார்டுக்கும் இடைப்பட்ட ஸ்டெப்–டவுன் ஆகியவற்றைப் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்பதில்லை. சிறிய ஊர் மருத்துவமனை ஐசியுவில் மோசமான நோயாளியை உடனே ஹெலிகாப்டரில் பெரிய இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மிஞ்சுகிறவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது.

தீவிர சிகிச்சை நர்ஸுகளுக்கான தேர்வில் தேறினால் கிடைக்கும் சி.சி.ஆர்.என். சான்றிதழ் பல கல்லூரிகளில் கட்டாயம், மற்றவற்றில் எழுதப்படாத கட்டாயம். மூன்று மணி நேரம், 150 கேள்வி. தேர்வு எழுத, வழக்கமான வழியில், கடந்த இரண்டு வருடத்தில் 1,750 மணி நேரம் தீவிர சிகிச்சை நோயாளியை நேரடியாகக் கவனித்திருக்க வேண்டும். அதில் 875 மணி நேரம் கடைசி ஒரு வருடத்தில். வாரம் 36 மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு ஏறக்குறைய 49 வாரம் ஆகிறது. ஆக, ஐசியுவில் சேர்ந்து ஒரு வருடம் ஆவதற்குள் எழுதலாம் என்றாலும், சேர்ந்த அன்றே புத்தகத்தைத் திறந்தால்தான் உண்டு. கல்லூரிகள் வகுப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே விண்ணப்பத்தை மூடிவிடும். அந்தத் தேதியில் தேர்ச்சி கையில் இல்லாமல் ‘எழுதப் போகிறேன்’ என்று போடுகிற விண்ணப்பம் பலவீனமானது.

நேர்காணலில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஆங்கிலம் காரணம் அல்ல. ‘டாக்டர் ஆர்டர் போட்டார், ஏற்றினேன்’ என்ற பழக்கம்தான் காரணம். கேள்வி இப்படி வரும்: நோயாளிக்கு அழுத்தத்தை ஏற்றும் நார்எபிநெஃப்ரின் ஓடுகிறது, திரையில் சராசரி அழுத்தம் 65 நிற்கிறது, ஆனால் சிறுநீர் குறைந்துகொண்டே போகிறது. என்ன செய்வீர்கள்? மருந்தைக் கூட்டுவேன் என்று உடனே சொல்பவருக்கு மதிப்பெண் குறையும். முதலில், அழுத்தத்தை அளந்து திரைக்கு அனுப்பும் டிரான்ஸ்டியூசர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது நான்காவது விலா இடைவெளியில், மார்பின் பக்கவாட்டு நடுக்கோட்டில், இதயத்துக்கு நேராக நிற்க வேண்டிய பொருள். கம்பத்தில் மாட்டிவைத்துவிட்டு, யாரோ படுக்கையை 10 செ.மீ. உயர்த்தியிருந்தால் அது இதயத்துக்குக் கீழே போய்விடும்; திரை ஏழு எட்டு மி.மீ. கூடுதலாகக் காட்டும். உண்மையான அழுத்தம் 58தான். திரை 65 என்று சொல்லிக்கொண்டிருக்கும். மட்டம் சரிசெய்து, மறுபடி பூஜ்யம் வைத்து, அலைவடிவம் மழுங்கியிருக்கிறதா என்று பார்த்து, பிறகு மருந்துக்குப் போக வேண்டும்.

மருந்து என்றால் பெயரும் அளவும் தெரிந்தால் போதாது, உடலின் எந்த ஏற்பியில் (ரிசெப்டர்) வேலை செய்கிறது என்று கேட்பார்கள். ஃபினைல்எஃப்ரின் கொடுத்ததும் அழுத்தம் ஏறி, நாடித்துடிப்பு ஏன் குறைகிறது? அது ஆல்ஃபா ஏற்பியில் மட்டும் வேலை செய்து ரத்தக்குழாயை இறுக்குகிறது. ஏறிய அழுத்தத்தைக் கண்ட உடல் துடிப்பைத் தானே தணிக்கிறது. நார்எபிநெஃப்ரினுக்கு இதயத்தைத் தூண்டும் பீட்டா ஏற்பியிலும் கொஞ்சம் வேலை உண்டு என்பதால் அந்த அளவுக்குக் குறைவதில்லை. வென்டிலேட்டரில், காற்று உள்ளே போகும்போது வரும் உச்ச அழுத்தம் ஏறி, காற்றோட்டத்தை நிறுத்திப் பிடித்து அளக்கும் பிளாட்டோ அழுத்தம் அப்படியே இருந்தால் கோளாறு காற்று போகும் பாதையில்: குழாய் மடிப்பு, சளி, மூச்சுக்குழல் சுருக்கம். இரண்டும் சேர்ந்து ஏறினால் நுரையீரலே விறைத்திருக்கிறது. நுரையீரலுக்கு வெளியே காற்று சேரும் நியூமோதோராக்ஸையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இதை இரவுப் பணியில் செய்துகொண்டே இருப்பவர்கள்கூட வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் திணறுகிறார்கள். தினம் ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, ஓடும் ஒவ்வொரு மருந்துக்கும் ‘ஏன் இது, ஏன் வேறொன்று இல்லை’ என்று சக நர்ஸிடம் சொல்லிப் பார்ப்பதை விட நல்ல பயிற்சி இல்லை.

சிபாரிசுக் கடிதம் வழக்கமாக மூன்று. ஒன்று நேரடி மேலாளரிடமிருந்து வர வேண்டும் என்பதில் கல்லூரிகள் பிடிவாதமாக இருக்கும். பெரிய டாக்டர் எழுதிய பொதுவான புகழ்ச்சியை விட, கூடவே நின்று பார்த்த சார்ஜ் நர்ஸின் அரைப் பக்கம் மேல். கடிதத்தை ஏற்றுவதற்கான இணைப்பு எழுதுபவர்களின் மின்னஞ்சலுக்குப் போகும், ஸ்பாமில் விழும். கடைசி வாரம் வரை விட்டுவைக்காதீர்கள். ஒரு மயக்கவியல் நர்ஸுடன் இரண்டு மூன்று நாளாவது ஆபரேஷன் தியேட்டரில் உடன் நின்று பார்த்ததற்கான கையெழுத்தும் தேவைப்படும். ஜி.ஆர்.ஈ. என்ற பட்டமேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வைக் கேட்கும் கல்லூரிகள் உண்டு, கேட்காதவையும் உண்டு.

படிப்புக்கு ஆகும் பணத்தைச் செய்தி சொல்லவே இல்லை. பல கல்லூரிகளில் கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். வகுப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் சேர்த்து வாரத்துக்குச் சராசரியாக 64 மணி நேரம் வரை போகலாம் என்பதால் படித்துக்கொண்டே வேலை பார்ப்பது நடக்காது. மூன்று வருட வீட்டு வாடகையும் இந்தக் கணக்கில்தான். கிரீன் கார்டு உள்ளவருக்கு அரசுக் கல்விக்கடன் உண்டு. ஆனால் முழுச் செலவையும் ஈடுகட்டி வந்த கிராட் பிளஸ் கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் கிடையாது. பட்டமேற்படிப்புக்கு வருடம் 20,500 டாலர் என்ற வரம்பு வந்துவிட்டது. ‘தொழில்முறைப் படிப்பு’ எனப்படும் பிரிவுக்கு 50,000. உங்கள் கல்லூரி எந்தப் பிரிவில் கடன் தருகிறது என்று அதன் நிதியுதவி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுவிட்டு இடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டிய காகித வேலை. நம் பல்கலைக்கழக மதிப்பெண்ணை அமெரிக்க ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) ஆக மாற்ற, பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். நர்ஸ் உரிமத்துக்காக முன்பு எடுத்த அறிக்கை போதும் என்று நினைக்காதீர்கள். பட்டம் சமமானது என்று மட்டும் சொல்லி, ஜிபிஏ இல்லாமல் முடிகிற வகையும் உண்டு. 4க்கு 3.0 என்பது வாசல். உள்ளே நிற்பவர்கள் அதற்கு மேலே இருக்கிறார்கள். நம் பழைய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் உயிர்வேதியியல் ஊட்டச்சத்தோடு ஒரே தாளாகவும், புள்ளியியல் நர்சிங் ஆராய்ச்சியோடு ஒரே தாளாகவும் இருந்தன. வேதியியலையும் புள்ளியியலையும் தனிப் பாடமாகக் கேட்கும் கல்லூரி அதை ஏற்காமல் போகலாம். அங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் இரண்டையும் தனியாகப் படித்து ‘ஏ’ வாங்குவதுதான் குறுக்கு வழி; பத்து வருடப் பழைய மதிப்பெண்ணுக்கு அது மருந்தும்கூட.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. மதிப்பெண் பட்டியலில் ‘எஸ். கவிதா’, பாஸ்போர்ட்டில் ‘கவிதா செல்வம்’, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரோடு இன்னொன்று. மதிப்பீட்டு நிறுவனத்துக்கு இவர்கள் மூன்று பேர். இன்ஷியலை விரித்து எழுதிய உறுதிமொழிப் பத்திரமும் திருமணச் சான்றும் முதல் உறையிலேயே போக வேண்டும். சான்றுகள் கல்லூரியும் பல்கலைக்கழகமும் நேரடியாக அனுப்ப வேண்டியவை. பாடவாரியாக வகுப்பு மணி, வார்டு மணி எழுதிக் கையெழுத்திட ஓர் ஆள் வேண்டும். விமானம் ஏறிய பிறகு அதற்காக அப்பாவைக் கல்லூரி வாசலுக்கும் பல்கலைக்கழக கவுன்ட்டருக்கும் அலையவிடுவதை விட, ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே பாடத்திட்டப் பிரதியில் முதல்வரின் முத்திரை வாங்கி, ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அமெரிக்காவில் பணிபுரியும் தமிழ்ச் செவிலியர் சிலர்,
டெக்சாஸ்