வர்றப்ப மாஸ்க் போட்டுட்டு வா தம்பி

தம்பி,

நேத்து போன்ல நீ சொன்னதுக்கு நான் பதில் சொல்லல, அப்பா பக்கத்துலயே படுத்திருந்தாரு. "மாஸ்க் எல்லாம் ஒண்ணும் வேல செய்யாதும்மா, ஆராய்ச்சியே வந்துருச்சு"ன்னு சொன்னியே, அதுலேருந்து மனசே சரியில்லடா. அவருக்கு கீமோ ஏத்துன ஒரு வாரம் ரெண்டு வாரத்துலதான் நோய எதுக்கற வெள்ளை அணு ரொம்ப எறங்கும், நீ வர்றது சரியா அந்த நாள்ல. உனக்கு ரெண்டு நாள் மூக்கடைப்போட போற சளி அவருக்கு ஐசியூ வரைக்கும் போகலாம், அதனாலதான் ஒக்காந்து எழுதுறேன்.

நீ சொன்னது 2023 ஜனவரில வந்த காக்ரேன் தொகுப்புன்னு நெனைக்கிறேன், பல மருத்துவ ஆராய்ச்சிய ஒண்ணா சேத்துப் பாக்கற அமைப்பு அது, நானும் படிச்சேன். அதுல பாத்தது பெரும்பாலும், மாஸ்க் போடுங்கன்னு ஒரு கூட்டத்துக்குச் சொன்னா அங்க நோய் கொறையுதாங்கறதத்தான். அதக் கேட்டவங்கள்ல நெறைய பேர் போட்டிருக்க மாட்டாங்க, போட்டவங்களும் வீட்டுக்கு வந்து கழட்டிட்டு அங்க இருக்கறவங்ககிட்ட வாங்கியிருப்பாங்க. மாஸ்க் வேல செய்யாதுன்னு அதுக்கு அர்த்தம் எடுக்கறது தப்பு, உறுதியா சொல்ல முடியலங்கறதுதான் முடிவுன்னு காக்ரேனோட தலைமை எடிட்டரே மார்ச்ல அறிக்கை விட்டாங்க, அது மட்டும் யார் ஃபார்வர்டுலயும் வரல.

டென்மார்க்ல 2020ல சுமார் 6000 பேர வச்சுப் பாத்தாங்க, மாஸ்க் குடுத்துப் போடச் சொன்ன கூட்டத்துல 1.8 சதவீதம், குடுக்காத கூட்டத்துல 2.1 சதவீதம் பேருக்குக் கோவிட் தொத்துச்சு, அந்த வித்தியாசத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, உண்மைதான். ஆனா அதுல போட்டவரத் தடுக்குதான்னு மட்டும்தான் பாத்தாங்க, அவர்கிட்டேருந்து மத்தவங்களுக்குப் போறது கொறையுதான்னு பாக்கவே இல்ல. பங்களாதேஷ்ல 600 கிராமத்துல மூணு லட்சத்துக்கு மேல வயசு வந்தவங்கள வச்சுப் பாத்தாங்க. 100க்கு 13 பேர் ஒழுங்கா போட்ட எடத்துல 42 பேர் போட வச்சாங்க, அவ்வளவுதான், பாதி பேர்கூட இல்ல. அதுக்கே சர்ஜிக்கல் மாஸ்க் குடுத்த கிராமங்கள்ல அறிகுறியோட வந்த கோவிட் 11 சதவீதம் கொறஞ்சுச்சு, 60 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு 35 சதவீதம். அப்பாவுக்கு என்ன வயசுன்னு உனக்குத் தெரியும். துணி மாஸ்க்ல மட்டும் தெளிவா ஒண்ணும் தெரியல, அதனால துணி மாஸ்க் வேணாம்.

வைரஸ் பொடிசு, ஓட்டை பெருசு, கொசுவலைல மணல் போற மாதிரி போயிரும்னு வேற சொன்ன. அது சல்லடை இல்லடா. என்95ங்கற மாஸ்க்ல உள்ள இழைக்கு மின்னேத்தம் இருக்கும், தூசு பக்கத்துல வந்தா இழுத்து ஒட்டிக்கும். ரொம்பப் பொடிசான துகள் நேர்கோட்டுல போகாது, ஆடி ஆடி எங்கயாவது இழைல முட்டி மாட்டிக்கும். பிடிக்க கஷ்டமானது நடுவுல இருக்கற 0.3 மைக்ரான் சைஸ்தான், அந்த சைஸ்லயே நூத்துக்கு 95அ நிறுத்தணும்னுதான் அந்தப் பேரே. சோப்புல அலசுனா அந்த மின்னேத்தம் போயிரும், அலசாத.

நான் இவ்வளவு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 2020ல ஆஸ்பத்திரில எங்களுக்கு சொன்னது எச்சில் துளி ரெண்டு மீட்டருக்குள்ள கீழ விழுந்துரும், நீல சர்ஜிக்கல் மாஸ்க் போதும்னு. உலக சுகாதார நிறுவனமே அந்த மார்ச்ல கோவிட் காத்துல பரவாதுன்னு போட்டுச்சு, அடுத்த வருஷம்தான் மாத்தி எழுதுச்சு. நான் வேல பாத்த எடத்துல என்95 பெட்டி அலமாரில பூட்டி இருந்துச்சு, சாவி மேல உள்ளவங்ககிட்ட. எங்க வார்டுல கூட டூட்டி பாத்த பொண்ணு ஜன்னல் தொறக்காத ரூம்ல ராத்திரி முழுக்க நின்னா, நாலாம் நாள் அவளயே அட்மிட் பண்ணோம். பொழச்சுட்டா, ஆனா இன்னிக்கும் ரெண்டு மாடி ஏறுனா மூச்சு வாங்குது. சிகரெட் புகை ஒரு ரூம்ல எப்படி நிக்குமோ அப்படித்தாண்டா நாம பேசுற காத்தும் நிக்கும், அத அன்னிக்கு எங்களுக்கு யாரும் சொல்லல.

சரி, என்95 எப்படி போடணும்னு சொல்றேன். தாடிய எடுத்துரு, முடி வழியா காத்து போயிரும். ரெண்டு பட்டையும் தலைக்குப் பின்னால போகணும். மூக்குக் கம்பிய ஒரு கையால கிள்ளாத, நடுவுல கூம்பு மாதிரி நிக்கும், ரெண்டு கை வெரலையும் வச்சு நடுவுலேருந்து கன்னம் வரைக்கும் அமுக்கிட்டே போ. அப்புறம் பலமா மூச்சு விடு, மூக்குக் கண்ணாடில ஆவி படிஞ்சா மேல ஒழுகுதுன்னு அர்த்தம், திரும்ப அமுக்கு. முன்னால வால்வு வச்சது வாங்காத, நீ விடுற மூச்சு அந்த வால்வு வழியா வடிகட்டாம வெளிய வரும். பறக்கறப்ப விமானத்துல காத்து வடிகட்டிதான் வரும், தரைல நிக்கறப்ப அது கொறைவா இருக்கலாம், அதனால ஏறி ஒக்காந்து கெளம்பற வரைக்கும், எறங்க வரிசைல நிக்கறப்ப, இந்த நேரத்துல மட்டுமாவது கழட்டாத.

வீட்டுலயும் மொத அஞ்சு நாள் அப்பா ரூமுக்குள்ள போறப்ப போட்டுக்கோ, ஜன்னல நான் தொறந்தே வச்சிருக்கேன். தும்மல் இல்ல காய்ச்சல் இல்லன்னு சொல்லாத, கோவிட், ஃப்ளூ ரெண்டுமே அறிகுறி தெரியறதுக்கு முன்னாலயே பரவ ஆரம்பிச்சிரும். அவர் உன்ன கட்டிப் புடிக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு, கட்டிக்கோடா, மாஸ்க்க மட்டும் எறக்காம.

புதுசா நாலு எடுத்து பேக்ல வச்சுக்கோ. ஏறுனதும் மாஸ்க்கோட ஒரு போட்டோ அனுப்பு, கம்பி சரியா ஒக்காந்திருக்கான்னு நான் பாக்கணும்.

அம்மா