புல்தானே எரிந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜவ்வாது மலை அடிவாரத்தில் பற்றிய தீயைப் பற்றிப் போன வாரம் நாலு வரி போட்டிருந்தீர்கள். கடைசி வரி: "காய்ந்த புல், புதர் மட்டுமே எரிந்தன, சேதம் எதுவும் இல்லை." படித்ததும் நிம்மதியாக இருந்தது. அமிர்திப் பக்கம் கிணற்றை நம்பிப் பயிர் வைக்கிற நாங்கள்தான் வீணாகக் கவலைப்பட்டுவிட்டோம் போலிருக்கிறது.

மலையில் புல்லும் சருகும் கிடந்தால் மழை அதில் ஊறி, மண்ணுக்குள் இறங்கி, நிதானமாக ஓடைக்கு வரும். எரிந்துபோனால் சாம்பல் மண்ணின் கண்ணை அடைத்துவிடும். தீ கடுமையாக இருந்த இடத்தில் மண்ணில் தண்ணீர் ஒட்டவே ஒட்டாது. மரம் கருகினால் அது குடிக்கிற தண்ணீர் மிச்சம், ஆற்றில் வரத்து கூடும் என்று என் மருமகன் எங்கோ படித்துவிட்டு வாதாடுகிறார். கூடட்டும். ஒரே ராத்திரியில் வந்து போகிற தண்ணீரை நம்பி யார் நாற்று விடுவது? முந்தின வருஷமும் வறட்சி என்றால் அந்த மிச்சத்தையும் காய்ந்த நிலமே குடித்துவிடும்.

சில வருஷம் முன்பு பங்குனியில் இப்படித்தான் எரிந்தது. ஆடியில் முதல் மழை. விடிகாலையில் ஓடை மைக் கறுப்பாக ஓடியது. கிணற்றில் கரித்தூள் மிதந்தது. மோட்டார் இழுக்கவில்லையே என்று குழாயின் அடியில் இருக்கிற ஃபுட்வால்வைக் கழற்றினால் கை கையாகச் சேறும் கருகிய மூங்கில் சில்லும். மூன்றாம் நாள் ஓடையில் மணல் காய்ந்துவிட்டது. என் அப்பா காலத்தில் ஐப்பசித் தண்ணீர் மாசி வரை சலசலக்கும்.

இதை யாரிடம் சொல்வது? தீ எரியும்போதே ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "அது எந்த மாவட்டத்து மலை?" என்றார்கள். 1989-ல் ஒரு தடவை, 2019-ல் ஒரு தடவை மாவட்டத்தைப் பிரித்தது தீக்குத் தெரியாதே!

உங்களுக்கும் கோடை வந்தால் வறண்ட பாலாறு, ஆற்றுத் தண்ணீருக்காகச் சென்னை மாகாணமும் மைசூரும் போட்ட 1892 ஒப்பந்தம், ஆந்திரத் தடுப்பணை, மணல், தோல் கழிவு. எல்லாம் உண்மைதான். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனதும், 2021-ல் பாலாறு கரை புரண்டதும் பக்கம் பக்கமாக வந்தன. ஆனால் எங்கள் ஓடை நாகநதியில் சேர்ந்து, கமண்டல நாகநதியாகிச் செய்யாறு வழியாக அதே பாலாற்றுக்குத்தான் போகிறது. நம் மலையிலிருந்து வர வேண்டிய தண்ணீரைப் பற்றி ஒரு நாளாவது எழுதினீர்களா?

சரி, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தை மாதத்துக்குள் அடிவாரத்தில் தீ தாண்டாதபடி புல், புதரை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். அப்புறம், ஐப்பசியில் உங்கள் நிருபரை ஒரு தடவை அனுப்புங்கள். அவர் மலையேற வேண்டாம். பைக்கை நிறுத்துகிற இடத்திலேயே ஓடை இருக்கிறது.

இப்படிக்கு,
அமிர்திப் பக்கத்து விவசாயி,
வேலூர் மாவட்டம்