பட்டறைக் கூரையில் சிக்கனம் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டோரம் சின்னதாகப் பட்டறை போட நினைப்பவர்களுக்காக, பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு தச்சன் எழுதுகிறேன். செலவைக் குறைக்க வழி நிறைய உண்டு. பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும் பைப், வீடு இடிக்கும் இடத்தில் வாங்கும் கதவு, முற்றிய தென்னையில் அறுத்த சட்டம் எல்லாமே தாராளமாகப் போதும். சுவரை இடுப்பளவு எழுப்பி மேலே கம்பி வலை அடித்தால் செங்கல் செலவு பாதியாகும், காற்றும் வரும்.

ஆனால் கூரையைப் பிடிக்கும் போல்ட்டில் மட்டும் காசு பார்க்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயலில் எங்கள் பக்கம் தகரங்கள் பறந்ததை நேரில் பார்த்தவன் நான். கொக்கிபோல் வளைந்த ஜே போல்ட்டுக்கு ரப்பர் வாஷர் கட்டாயம். ஷீட்டின் பள்ளத்தில் ஓட்டை போட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். மேட்டில்தான் போட வேண்டும். ஓரத்து வரிசையில் நெருக்கமாகப் போடுங்கள், காற்று முதலில் தூக்குவது அங்கேதான். அப்புறம், இழைப்பு மெஷின் ஓடும் இடத்தில் எர்த் இல்லாமல் இருக்கவே கூடாது.

கைவினைத் தொழில் செய்பவர்களுக்கான தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50 ஆயிரம் ரூபாய் வரை மானியமும் தருகிறார்கள். நல்ல உதவி. கடன் வாங்க வருபவர்களுக்கு, புயல் தாங்கும் கூரை போடும் முறையையும் மாவட்டத் தொழில் மையங்களில் செய்துகாட்ட அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

தச்சுத் தொழிலாளி,
பட்டுக்கோட்டை